பிட்காயினின் பெரிய பூட்டு

பிட்காயின் என்றால் நம் வயதுக்காரர்களுக்கு இரண்டு விஷயங்கள்தான் நினைவுக்கு வரும். ஒன்று, விலை ஏறியது, விலை இறங்கியது என்று டிவியில் ஓடும் செய்தி. இன்னொன்று, அதில் பணத்தைப் போட்டு ஏமாந்த யாரோ ஒருவருடைய கதை. இந்தப் பதிவு இரண்டையும் பற்றியது அல்ல. வாங்குங்கள் என்றும் சொல்லப் போவதில்லை, வாங்காதீர்கள் என்றும் சொல்லப் போவதில்லை. அந்த மென்பொருளுக்குள் 2009-இல் மாட்டப்பட்ட ஒரு பூட்டைப் பற்றியும், அதைக் கழற்ற இன்றுவரை நடந்துவரும் பராமரிப்பு வேலையைப் பற்றியும் எழுதுகிறேன்.

ஒரு பெரியவர் கடையை ஆரம்பித்தார். உள்ளே ஒரே ஒரு பெரிய பூட்டு போட்டார். கல்லா, கணக்குப் புத்தகம், வாடிக்கையாளர் நோட்டு எல்லாம் அதே பூட்டுக்குள். இரண்டு வருடத்தில் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போய்விட்டார். சாவி இருக்கிறது, பூட்டு இருக்கிறது. ஆனால் அந்தப் பூட்டு எதையெதைக் காக்கிறது என்று அவர் எழுதி வைக்கவில்லை. பிட்காயின் மென்பொருளின் கதை ஏறக்குறைய இதுதான். அதைப் புரிந்துகொள்ள முதலில் ரயில் தண்டவாளம் வரை போய்வர வேண்டும்.

ஒற்றைத் தடமும் டோக்கனும்

ஒற்றைத் தடப் பாதையில் ரயிலில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். ஸ்டேஷனில் வண்டி மெதுவாகப் போகும்போது நடைமேடையில் ஒருவர் பெரிய வளையம் ஒன்றை நீட்டுவார். இன்ஜினிலிருந்து கையை விட்டு அதை வாங்கிக்கொள்வார்கள். வளையத்தோடு இருக்கும் தோல் பையில் ஒரு உலோகப் பந்து. அதுதான் டோக்கன். அடுத்த ஸ்டேஷன் வரை உள்ள தடத்துக்கு அதுவே அனுமதி. இரண்டு ஸ்டேஷன்களிலும் உள்ள டோக்கன் கருவிகள் மின்கம்பியால் இணைக்கப்பட்டவை. ஒரு டோக்கன் வெளியே இருக்கும்வரை இன்னொரு டோக்கனை எந்தப் பக்கத்திலிருந்தும் எடுக்க முடியாது. இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்து மோதாமல் இருப்பதற்கு ஸ்டேஷன் மாஸ்டரின் ஞாபகசக்தியை மட்டும் நம்பவில்லை, ஒரு பொருளை நம்பினார்கள்.

கம்ப்யூட்டருக்குள்ளும் இதே சிக்கல் உண்டு என்பதை 1965-இல் ஒரே பக்கக் கட்டுரையில் தெளிவாக எழுதியவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. ஹாலந்து நாட்டுக்காரர், ஐண்ட்ஹோவன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். பல வேலைகள் ஒரே சமயத்தில் ஓடுகின்றன, எல்லாம் ஒரே நினைவகத்தைத் தொடுகின்றன. ஒவ்வொரு வேலையிலும் ஒரு குறிப்பிட்ட பகுதி இருக்கிறது. அந்தப் பகுதிக்குள் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இருக்கலாம். அந்தப் பகுதிக்கு அவர் வைத்த பெயர் ‘கிரிட்டிக்கல் செக்‌ஷன்’. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

உள்ளே போகவும் வெளியே வரவும் அவர் கண்டுபிடித்த ஏற்பாட்டுக்கு ‘செமஃபோர்’ என்று பெயர். ரயில்வேக்காரர்களுக்கு இது புதிய சொல் இல்லை. நாம் கைகாட்டி மரம் என்று சொல்வோமே, அதுதான். கம்ப்யூட்டர் விஞ்ஞானத்தின் அடிப்படைச் சொற்களில் ஒன்று தண்டவாளத்து ஓரத்திலிருந்து வந்தது என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

பூட்டு இல்லாவிட்டால் என்ன, இரண்டு பூட்டு இருந்தால் என்ன

பூட்டே இல்லாவிட்டால் என்ன ஆகும்? கூட்டுக் கணக்கு ஒன்றில் 1000 ரூபாய் இருக்கிறது என்று வையுங்கள். இரண்டு கவுன்ட்டர்களில் இரண்டு குமாஸ்தாக்கள் ஒரே நேரத்தில் லெட்ஜரைப் பார்க்கிறார்கள். இருவர் கண்ணிலும் 1000. ஒருவர் 800 கொடுக்கிறார், 200 என்று எழுதுகிறார். இன்னொருவரும் 800 கொடுக்கிறார், 200 என்று எழுதுகிறார். கணக்குப் புத்தகத்தில் தப்பே தெரியாது. கல்லாவில் 800 குறையும். கம்ப்யூட்டரில் இதை ‘ரேஸ் கண்டிஷன்’ என்பார்கள். யார் முந்துகிறார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். ஆயிரம் முறை சரியாக ஓடும், ஆயிரத்தோராவது முறை சொதப்பும். திரும்ப ஓட்டிப் பார்த்தால் தப்பு வராது. அதனால்தான் இதைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டம்.

இது காசு விஷயம் மட்டுமல்ல. தெராக்-25 என்று புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் ஒரு இயந்திரம் இருந்தது. 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சு பாய்ந்தது. சிலர் இறந்தும் போனார்கள். வெளிவந்த காரணங்களில் ஒன்று இந்த ரேஸ் கண்டிஷன். இயந்திரத்தின் காந்தங்கள் தயாராகச் சுமார் 8 வினாடி ஆகும். அந்த 8 வினாடிக்குள் திரையில் இருந்த விவரத்தை இயக்குபவர் திருத்திவிட்டால், திருத்தம் திரையில் தெரியும், இயந்திரத்துக்குப் போய்ச் சேராது. புதிதாக வந்தவர் மெதுவாக அடித்தவரை ஒன்றும் நடக்கவில்லை. கை பழகி வேகமாக அடிக்க ஆரம்பித்த பிறகுதான் விபத்து.

சரி, அங்கங்கே பூட்டைப் போட்டுவிடலாம் என்றால் அதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஒருவர் பீரோ சாவியை எடுத்துக்கொண்டு கல்லாச் சாவிக்குக் காத்திருக்கிறார். இன்னொருவர் கல்லாச் சாவியை எடுத்துக்கொண்டு பீரோ சாவிக்குக் காத்திருக்கிறார். இருவரும் விடமாட்டார்கள், இருவருக்கும் கிடைக்காது. கடை அப்படியே நின்றுவிடும். இன்று ‘டெட்லாக்’ என்று சொல்லப்படும் இதை டைக்ஸ்ட்ரா ஆளைக் கொல்லும் தழுவல் என்ற பொருளில் அழைத்தார். நமக்கு அதைவிட நல்ல பெயர் தெரியும்: திருதராஷ்டிர ஆலிங்கனம்.

பூட்டு இல்லாவிட்டால் கணக்கு கெடும். பூட்டு அதிகமானால் கடை நிற்கும். இரண்டுக்கும் பயந்தவர்கள் கண்டுபிடித்த சுலபமான வழி, ஒரே ஒரு பெரிய பூட்டு. எதைத் தொட வேண்டுமானாலும் அந்த ஒரே சாவி. டெட்லாக் வராது, கணக்கும் கெடாது. ஆனால் வரிசை நீளும்.

லினக்ஸ் இதை அனுபவித்திருக்கிறது. 1996-இல் வந்த லினக்ஸ் 2.0, ஒன்றுக்கு மேற்பட்ட பிராசஸர் உள்ள இயந்திரங்களில் ஓட முதன்முதலாக வழி செய்தது. அதற்காகக் கெர்னலுக்குள் ஒரு பெரிய பூட்டைப் போட்டார்கள். தற்காலிக ஏற்பாடுதான். அது முழுவதுமாக வெளியே போனது 2011-இல், 2.6.39 பதிப்பில். எடுக்கப் பதினைந்து வருடம். பூட்டை எடுப்பது கஷ்டமில்லை. அது இத்தனை நாள் சத்தமில்லாமல் எதையெல்லாம் காத்துவந்தது என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

சட்டோஷி போட்ட பூட்டு

2008 அக்டோபர் 31-ஆம் தேதி சட்டோஷி நகமோட்டோ என்ற பெயரில் ஒருவர் பிட்காயின் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். 2009 ஜனவரி 3-ஆம் தேதியிட்டது முதல் பிளாக். அதே மாதத்தில் மென்பொருளும் வெளிவந்தது. விண்டோஸில் ஓடும்படி, சி++ மொழியில் எழுதியிருந்தார். அவர் யார் என்று இன்றுவரை உறுதியாகத் தெரியாது.

பிட்காயினுக்குத் தலைமை அலுவலகம் கிடையாது. இந்த மென்பொருளை ஓட்டும் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஒரு கிளை மாதிரி. வழக்கமான அமைப்பில் முழுக் கணக்குப் புத்தகமும் ஒவ்வொன்றிடமும் இருக்கும். புதிதாக வரும் பணப் பரிமாற்றங்கள் மொத்தமாகக் கட்டப்பட்டு பிளாக் என்ற பெயரில் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை புத்தகத்தில் சேரும். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் வேறு சில கம்ப்யூட்டர்களோடு இன்டர்நெட் வழியாகப் பேசிக்கொண்டே இருக்கும். அவற்றை ‘பியர்’ என்பார்கள். நாம் அண்டை வீட்டுக்காரர் என்று வைத்துக்கொள்ளலாம். வழக்கமான அமைப்பில் அதிகபட்சம் 125 அண்டை வீட்டார் வரை இருக்கலாம்.

அண்டை வீட்டார் ஒவ்வொருவரையும் பற்றி ஒரு குறிப்பு வைத்திருக்க வேண்டும். இவர் மென்பொருளின் எந்தப் பதிப்பை ஓட்டுகிறார்? இவரிடம் எந்த பிளாக் வரை இருக்கிறது? எந்தெந்தச் செய்தியை இவருக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டோம்? இவரிடம் கேட்ட பிளாக் வந்துவிட்டதா? இவர் பொய்யான தகவல் அனுப்பினாரா? 2024 வரை, அப்படி அனுப்பினால் ஒரு கரும்புள்ளி வைக்கும் ஏற்பாடு இருந்தது. புள்ளி 100 ஆனால் உறவு முறிந்தது, இணைப்பு துண்டிக்கப்பட்டது. முன்பின் தெரியாதவர்களோடு மட்டுமே பழகும் ஒரு அமைப்புக்கு இந்தக் குறிப்பு நோட்டுதான் பாதுகாப்பு.

இந்த வேலைகளை ஒரே ஆள் செய்வதில்லை. மென்பொருளுக்குள் பல இழைகள் ஓடுகின்றன. ‘திரெட்’ என்பார்கள். ஒரு இழை இன்டர்நெட்டிலிருந்து வருவதை வாங்கி வைக்கும். ஒன்று வந்ததைப் படித்துப் பதில் சொல்லும். ஒன்று புது அண்டை வீட்டாரைத் தேடும். எல்லோரும் ஒரே நோட்டைத் தொடுகிறார்கள். ஆகவே பூட்டு வேண்டும். சட்டோஷி முக்கியமானவற்றுக்கெல்லாம் ஒரு பூட்டு வைத்தார். அதன் பெயர் ‘சிஎஸ் மெயின்’. சிஎஸ் என்றால் கிரிட்டிக்கல் செக்‌ஷன், டைக்ஸ்ட்ரா 1965-இல் வைத்த அதே பெயர். பணக் கணக்கும் அந்தப் பூட்டுக்குள்தான். அண்டை வீட்டார் பற்றிய குறிப்புகளிலும் பெரும் பகுதி, காலப்போக்கில் அதே பூட்டுக்குள் வந்து சேர்ந்தது. பணக் கணக்கைச் சரிபார்ப்பதையும் அண்டை வீட்டாரோடு பேசுவதையும் கவனிக்கும் நிரல் பெரும்பாலும் ‘மெயின்’ என்ற ஒரே கோப்பில் இருந்தது.

தப்பு என்று சொல்ல மாட்டேன். ஒரு சிலர் மட்டும் ஓட்டிய சோதனை மென்பொருளுக்கு அதுவே சரியான ஏற்பாடு. சட்டோஷி 2010 டிசம்பரோடு பொதுவில் எழுதுவதை நிறுத்தினார். 2011 வசந்த காலத்தோடு கடிதப் போக்குவரத்தும் நின்றது. பொறுப்பு காவின் ஆண்டரசன் என்பவர் கைக்கு வந்தது. நிரல் கையில் இருந்தது. ஆனால் எந்த விவரத்தைத் தொட எந்தப் பூட்டு தேவை, எந்தப் பூட்டுக்குப் பின் எந்தப் பூட்டை எடுக்கலாம் என்ற விவரம் எழுத்தில் இல்லை. பெரிய குமாஸ்தா ஓய்வுபெற்ற பிறகு, எந்த ரிஜிஸ்டரை எப்போது தொடலாம் என்று தெரியாமல் முழிக்கும் ஆபீஸை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம்.

புதியவர்கள் செய்த முதல் நல்ல காரியங்களில் ஒன்று ஒரு சோதனை முறையைச் சேர்த்தது. அந்த முறையில் ஓட்டினால், எந்த இழை எந்த வரிசையில் பூட்டுகளை எடுக்கிறது என்று மென்பொருள் தானே குறித்துக்கொள்ளும். ஓரிடத்தில் பீரோவுக்குப் பின் கல்லா, இன்னோரிடத்தில் கல்லாவுக்குப் பின் பீரோ என்று வந்தால் உடனே எச்சரிக்கும். கடை இன்னும் நிற்கவில்லை, ஆனால் என்றாவது ஒருநாள் நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லும்.

2013 மார்ச்: பூட்டுகள் தீர்ந்துபோன இரவு

எழுதி வைக்காத விதி என்ன செய்யும் என்பதற்கு 2013-இல் ஒரு பெரிய பாடம் கிடைத்தது. இது சிஎஸ் மெயின் பற்றியது அல்ல, வேறொரு வகைப் பூட்டு. ஆனால் பாடம் ஒன்றுதான்.

அதுவரை மென்பொருள் தன் கணக்கை ‘பெர்க்லி டிபி’ என்ற தரவுத்தளத்தில் வைத்திருந்தது. அதில் ஒவ்வொரு பக்கத்தைத் தொடும்போதும் ஒரு சின்னப் பூட்டு தேவை. எத்தனை பூட்டுகள் வரை ஒரே நேரத்தில் எடுக்கலாம் என்று முன்கூட்டியே ஒரு எண்ணைக் கொடுத்துவிட வேண்டும். அந்த எண் 10,000 என்று வைக்கப்பட்டிருந்தது. அது பிட்காயினின் சட்டதிட்டத்தில் இல்லாத எண். அப்படி ஒரு வரம்பு இருப்பதே பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. 2013 பிப்ரவரியில் வந்த 0.8 பதிப்பு வேறொரு தரவுத்தளத்துக்கு மாறியது. அதில் இந்த வரம்பு இல்லை.

மார்ச் 11-ஆம் தேதி இரவு, அமெரிக்க நேரம். 225,430 என்ற எண்ணுள்ள பிளாக் வந்தது. அதுவரை வந்த எந்த பிளாக்கையும்விட அதிக வரவுகளைத் தொடும் பிளாக். 0.8 ஓட்டியவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். பழைய பதிப்பை ஓட்டியவர்களின் கம்ப்யூட்டரில் பூட்டுகள் தீர்ந்துவிட்டன. பிளாக் செல்லாது என்று தள்ளிவிட்டது. உலகத்தில் ஒரே ஒரு கணக்குப் புத்தகம் என்பதுதான் பிட்காயினின் ஆதாரம். அன்று இரவு இரண்டு புத்தகங்கள் இருந்தன. இரண்டும் தனித்தனியே வளர்ந்துகொண்டிருந்தன.

அதிகாரி யாரும் இல்லாத அமைப்பில் இதை எப்படித் தீர்ப்பது? நிரலர்களும், பிளாக் உருவாக்கும் பெரிய குழுமங்களை நடத்தியவர்களும் இணைய அரட்டை அறையில் கூடினார்கள். புதியதுதான் சரியான பதிப்பு, எண்ணிக்கையிலும் அதன் பக்கமே பலம். ஆனாலும் பழைய பதிப்பில் இருப்பவர்களைக் கைவிட முடியாது என்று முடிவு செய்தார்கள். பிடிசி கில்ட் என்ற பெரிய குழுமம் தன் இயந்திரங்களைப் பழைய பதிப்புக்கு மாற்றியது. அதனால் 0.8 பக்கத்தில் தான் ஏற்கெனவே சம்பாதித்த பிளாக்குகளின் வருமானத்தை, ஒரு பிளாக்குக்கு 25 பிட்காயின் வீதம், விட்டுக்கொடுத்தது. சில மணி நேரத்தில் பழைய புத்தகம் முந்தியது. புதிய பக்கத்தில் சேர்ந்திருந்த 24 பிளாக்குகள் செல்லாமல் போயின. இடைப்பட்ட நேரத்தில் சுமார் 10,000 டாலர் மதிப்புள்ள ஒரு தொகையை ஒருவர் இரண்டு முறை செலவழித்துக் காட்டினார். இந்த அமைப்பில் நடக்கவே கூடாதது அது.

பின்னர் எழுதிய விசாரணைக் குறிப்பில் இன்னொரு விஷயமும் வெளிவந்தது. பழைய பதிப்பை ஓட்டிய எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் பூட்டுகள் ஒரே இடத்தில் தீரும் என்றுகூடச் சொல்ல முடியாது. தரவுத்தளத்தின் பக்கங்கள் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் வேறு வேறு மாதிரி அடுக்கியிருக்கும். நான்கு வருடமாக எல்லோரும் ஒரே விதியைப் பின்பற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். விதியின் ஒரு பகுதி யாரும் படிக்காத ஓர் அமைப்பு எண்ணில் ஒளிந்திருந்தது.

குடியிருந்துகொண்டே ஒயரிங் மாற்றுவது

இதற்குப் பிறகுதான் பிரித்து எழுதும் வேலை வேகம் பிடித்தது. இதை ‘ரீஃபாக்டரிங்’ என்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் மாறியிருக்கக் கூடாது. உள்ளே ஒழுங்கு வந்திருக்க வேண்டும். வீட்டில் குடியிருந்துகொண்டே, கரண்ட்டை நிறுத்தாமல் ஒயரிங்கை மாற்றுவது போன்ற வேலை. அதிலும் அந்த வீட்டில் மற்றவர்களுடைய பணம் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் புழக்கத்தில் இருந்த பிட்காயின்களின் சந்தை மதிப்பு ஒரு லட்சம் கோடி டாலரைத் தாண்டியது.

2016-இல் கோரி ஃபீல்ட்ஸ் என்பவர் இணைப்புகளைக் கவனிக்கும் பகுதியைத் தனியாகக் கட்டிப் பிரித்தார். அதே வருட டிசம்பரில் மேட் கொரல்லோ, சட்டோஷி காலத்து ‘மெயின்’ கோப்பை இரண்டாக உடைத்தார். ஒரு பாதி பணக் கணக்கைச் சரிபார்ப்பது, மறு பாதி அண்டை வீட்டாரோடு பேசுவது. துப்பறியும் பலகை விளையாட்டு ஒன்றில் யார் யாரை எந்த அறையில் எதனால் கொன்றார்கள் என்று சொல்வது வழக்கம். அந்தப் பாணியில், மெயின் கோப்பைக் கொன்றாயிற்று என்று அந்த மாற்றத்துக்கு அவர் தலைப்பு வைத்தார். இத்தனை வருட அவஸ்தைக்குப் பிறகு கொஞ்சம் சிரித்துக்கொள்ள வேண்டாமா?

கோப்பு பிரிந்தது, பூட்டு பிரியவில்லை. அண்டை வீட்டார் பற்றிய குறிப்புகள் இரண்டு இடத்தில் சிதறிக் கிடந்தன. கொஞ்சம், இணைப்பைக் கவனிக்கும் பகுதியில். அந்தப் பகுதியின் வேலை தபால்காரர் வேலை. கவரைக் கொண்டுவந்து கொடுப்பது, கொண்டுபோவது. ஆனால் அவர் பையில், கடிதத்துக்குள் என்ன எழுதியிருந்தது என்ற குறிப்புகளும் இருந்தன. மீதிக் குறிப்புகள் பெரிய பூட்டுக்குள். அண்டை வீட்டுக்காரர் ஒருவருக்குக் கரும்புள்ளி வைக்க வேண்டும் என்றால் கல்லாப் பெட்டியின் சாவியை வாங்கியாக வேண்டும். அந்த நேரத்தில் பெரிய பிளாக் ஒன்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தால் புள்ளி வைப்பவர் காத்திருக்க வேண்டும். புள்ளி வைத்துக்கொண்டிருந்தால் பிளாக் காத்திருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

2020 ஆகஸ்டில் ஜான் நியூபெரி என்பவர் கொண்டுவந்த மாற்றம் சேர்க்கப்பட்டது. ‘பியர்’ என்ற பெயரில் ஒவ்வொரு அண்டை வீட்டாருக்கும் தனி நோட்டு. முதலில் அதற்குள் போனவற்றில் ஒன்று இந்தக் கரும்புள்ளிக் கணக்கு. அதற்கென்று ஒரு சின்னப் பூட்டு. இனிப் புள்ளி வைக்கக் கல்லாச் சாவி வேண்டாம். அதன் பிறகு ஒவ்வொன்றாக நகர்ந்தன. எந்த பிளாக்கை அறிவிக்க வேண்டும் என்ற பட்டியல். உயிரோடு இருக்கிறாரா என்று அவ்வப்போது தட்டிப் பார்க்கும் கணக்கு. முகவரிகள் பகிர்ந்துகொள்ளும் குறிப்பு. பணப் பரிமாற்றச் செய்திகளைச் சொல்லும் குறிப்பு. ஒரே நாளில் எல்லாவற்றையும் தூக்கி மாற்றவில்லை. ஒரு தடவைக்கு ஒரு விவரம், அதற்கு ஒரு தனி மாற்றம், அதைப் பலர் வரிக்கு வரி படித்துப் பார்த்த பிறகே சேர்ப்பது என்று வருடக்கணக்கில் போயிற்று.

இதில் ஒரு நுணுக்கமான சிக்கல் உண்டு. ஒரு இழை ஒரு அண்டை வீட்டாரின் நோட்டைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அவர் இணைப்பைத் துண்டித்துக்கொண்டு போய்விடலாம். இன்னொரு இழை அவருடைய நோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டால்? படித்துக்கொண்டிருந்த இழை இல்லாத காகிதத்தைப் படிக்கும். மென்பொருள் அங்கேயே விழும், அல்லது அதைவிட மோசமாக, குப்பையை நிஜம் என்று நம்பும். பழைய ஏற்பாட்டில் யார் யார் நோட்டை எடுத்திருக்கிறார்கள் என்று கையால் எண்ணிக்கை வைத்தார்கள். எடுக்கும்போது ஒன்று கூட்ட வேண்டும், வைக்கும்போது ஒன்று கழிக்க வேண்டும். ஒரு இடத்தில் கழிக்க மறந்தாலும் கணக்கு தவறும். புதிய ‘பியர்’ நோட்டில் சி++ மொழியின் 2011 தரத்தோடு வந்த ஒரு வசதியைப் பயன்படுத்தினார்கள். எண்ணிக்கை தானே நடக்கும். நூலகத்தில் கழித்துவிட முடிவு செய்த புத்தகம் என்றாலும், வாசக சாலையில் கடைசி வாசகர் திருப்பிக் கொடுத்த பிறகுதானே குப்பைக்குப் போகும்? அந்த ஒழுங்குதான்.

பூட்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகை

இந்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. பார்க்க மிகச் சாதாரணமானது. ஒவ்வொரு விவரத்துக்கும் பக்கத்தில், ‘இது இந்தப் பூட்டுக்கு உட்பட்டது’ என்று நிரலிலேயே எழுதி வைக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு பணிக்கும் மேலே, ‘இதற்குள் வருபவர் இந்தச் சாவியோடு வர வேண்டும்’ என்றும் எழுதினார்கள். இது வெறும் குறிப்பு இல்லை. சி++ நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கிளாங் என்ற கருவி இந்தப் பலகைகளைப் படிக்கும். சாவி இல்லாமல் யாராவது அந்த விவரத்தைத் தொடும்படி எழுதியிருந்தால், மென்பொருள் ஓட ஆரம்பிக்கும் முன்பே, மேஜையிலேயே எச்சரித்துவிடும்.

அதாவது, முன்பு ஒருவர் தலைக்குள் இருந்த விஷயம் இப்போது எழுத்துக்கு வந்துவிட்டது. எழுத்துக்கு வந்ததோடு இல்லாமல், ஒவ்வொரு முறையும் சரிபார்க்கப்படவும் செய்கிறது. டோக்கன் கருவிக்கும் இதற்கும் எனக்கு அதிக வித்தியாசம் தெரியவில்லை. இரண்டுமே, நல்ல ஆட்கள் கவனமாக இருப்பார்கள் என்று நம்புவதோடு நிறுத்திக்கொள்ளவில்லை.

சிஎஸ் மெயின் போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. பணக் கணக்கு ஒன்றுதான், அதைச் சரிபார்க்கும்போது ஒருவர்தான் உள்ளே இருக்க வேண்டும். அந்த இடத்தில் ஏதாவது ஒரு பூட்டு இருந்தே ஆகும். அண்டை வீட்டாரின் குறிப்புகளிலும் சில இன்னும் அதற்குள்தான் இருக்கின்றன. ஆனால் 2009-இல் அந்தப் பூட்டைப் பார்த்து, இதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால், பதில் சொல்ல ஒருவர்தான் இருந்தார். இன்று அந்த நிரலைப் புதிதாகத் திறக்கும் ஒரு கல்லூரி மாணவர்கூடப் பலகையைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம்.

இந்த வேலை செய்தவர்கள் பெயர் பெரும்பாலும் செய்தித்தாளில் வராது. விலை ஏறிய நாளிலும் வராது, இறங்கிய நாளிலும் வராது. பாலத்துக்குப் பெயின்ட் அடிப்பவர், பாயின்ட்டுக்கு எண்ணெய் விடுபவர் வரிசையில் அவர்களையும் வைக்கலாம். சரியாகச் செய்தால் ஒன்றுமே நடக்காது, அதுதான் அவர்கள் வேலையின் பலன்.

ஒற்றைத் தடப் பகுதியில் டோக்கன் கொடுத்து வாங்கிய அனுபவம் உள்ள ரயில்வே நண்பர்கள் இதைப் படித்தால், அந்தக் கருவி எப்போதாவது உங்களை ஒரு தப்பிலிருந்து காப்பாற்றியதா என்று எழுதுங்கள். அடுத்த பதிவில் சேர்த்துக்கொள்கிறேன்.